என் காலுக்கு என்ன விலை?

"வயசு 67. சம்பளமோ பென்ஷனோ கிடையாது. அப்புறம், கால் முறிஞ்சதுல உங்களுக்கு என்னம்மா வருமான இழப்பு?"

மதுரை நீதிமன்றத்தில், எதிர்த்தரப்பு இன்ஷூரன்ஸ் வக்கீல் என்னிடம் இப்படிக் கேட்டார். கேட்க வேண்டியது அவர் வேலை. ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது. கல்யாணமாகி 45 வருடமாக நான் உட்கார்ந்தா சாப்பிட்டேன்?

நடைப்பயிற்சி எனக்கு 60 வயதில்தான் தொடங்கியது. சர்க்கரை எட்டிப் பார்த்ததும் டாக்டர், "மாத்திரையைக் கூட்டவா, நடக்கிறீங்களா?" என்றார். நடந்தேன். எங்கள் தெருப் பெண்கள் நாலு பேர், காலை ஐந்தரைக்குக் கிளம்புவோம். மாமியார் கதையில் தொடங்கி மருமகள் கதையில் முடியும்போது மூன்று கிலோமீட்டர் ஆகியிருக்கும்.

2023 கார்த்திகை மாதம். மழை விட்ட மசமசப்பான விடியல். நடைமேடை இல்லாத ரோட்டில் இடது ஓரமாக நான் கடைசியாக நடந்தேன். கருநீலச் சேலை வேறு. பின்னால் வந்த கார் இடித்ததுதான் தெரியும். வலது முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் முறிந்துவிட்டன. ஓட்டி வந்த பையனே நடுங்கிக்கொண்டு 108-க்கு போன் செய்தான்.

காலுக்குள் ராடு வைத்துவிட்டார்கள். மூன்றாம் நாள் பையனின் வீட்டார் பழக்கூடையோடு வந்தார்கள். "கேஸ் எல்லாம் வேணாம்மா, 25,000 தர்றோம். பையனோட வாழ்க்கை..." என்று கண் கலங்கினார்கள். என் வீட்டுக்காரர் இளகிய மனசுக்காரர், தலையாட்டப் போனார்.

அதே வார்டில் இன்னொருவர், "எல்லாம் நான் பார்த்துக்கிறேன், வர்றதுல 30 பர்சன்ட் குடுத்தாப் போதும்" என்று வெற்று வக்காலத்துத் தாளை நீட்டினார். வக்கீல்கள் இப்படித் தேடி வந்து வழக்குப் பிடிப்பதும், இழப்பீட்டில் பங்கு பேசுவதும் பார் கவுன்சில் விதிப்படி கூடாது என்பது எனக்கு அப்போது தெரியாது. காப்பாற்றியது மருமகள்தான். "அத்தை, இப்ப எதுலயும் கையெழுத்துப் போடாதீங்க" என்று பேனாவை வாங்கி வைத்துக்கொண்டாள்.

பிறகு அவள் ஒரு நோட்டு போட்டாள். மருந்து பில், ஆட்டோ கூலி, எனக்குப் பதில் சமையலுக்கு வைத்த பெண்ணின் மாதச் சம்பளம் 6,000 என எல்லாம் தேதியோடு அதில் ஏறின. எஃப்.ஐ.ஆர். நகல், டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே எல்லாம் ஒரே கோப்பில்.

பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற கோர்ட் குமாஸ்தாதான் வழிகாட்டினார். "2022 ஏப்ரல்ல இருந்து சட்டம் மாறிப்போச்சும்மா. விபத்து நடந்த ஆறு மாசத்துக்குள்ள மனு போடணும். கார் இன்ஷூரன்ஸ் சரியா இருந்தா பணம் குடுக்கிறது கம்பெனி, அந்தப் பையன் இல்லை" என்றார். அந்தக் கடைசி வரிதான் என் வீட்டுக்காரரின் மனதை மாற்றியது. மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸை எல்லா வண்டிக்கும் சட்டம் கட்டாயமாக்கியிருப்பதே இதற்காகத்தானாம்.

நாலாவது மாதம், வாக்கரை ஊன்றிக்கொண்டு நீதிமன்ற வளாகத்திலுள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போனேன். பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், அங்கே இலவச வக்கீல் உண்டு. 15100 என்ற எண்ணுக்கு போன் செய்தாலும் வழி சொல்வார்கள். எனக்குக் கிடைத்தது என் மகள் வயது வக்கீலம்மா. கோப்பைப் புரட்டிவிட்டு, "பாதி வேலையை உங்க மருமகளே முடிச்சிட்டாங்க" என்றார். விபத்து வேறு ஊரில் நடந்திருந்தாலும், நாம் வசிக்கும் ஊர்த் தீர்ப்பாயத்திலேயே மனு போடலாம் என்பதையும் அவர்தான் சொன்னார்.

இதற்கு நடுவே வீட்டில் இன்னொரு வழக்கு நடந்தது. எனக்கும் என் பயத்துக்கும். கட்டிலை விட்டு இறங்கினாலே மறுபடி விழுவோம் என்று தோன்றும். மகனும், "இனி வாக்கிங் எல்லாம் வேணாம்மா, டிவி பாருங்க" என்றான். பிசியோதெரபி செய்ய வந்த பெண் விடவில்லை. "எலும்பு கூடிரும்மா. படுத்தே கிடந்தா சதை கரைஞ்சிரும். அப்புறம் நல்ல காலும் உதவாது" என்றாள்.

நாற்காலியில் உட்கார்ந்து, கையை ஊன்றாமல் எழுவது. முதலில் மூன்று முறை, பிறகு பத்து முறை. சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் நிற்பது. பால் பொங்கும்வரை அந்தப் பயிற்சிதான். 65 வயதைத் தாண்டியவர்கள் வாரத்துக்கு 150 நிமிடமாவது உடலுழைப்பும், மூன்று நாளாவது சமநிலை, தசை வலுவுக்கான பயிற்சியும் செய்ய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எனக்கு முதலில் வாசல் வரை போவதே 150 நிமிடம்போல இருந்தது. (இதெல்லாம் டாக்டர் அனுமதித்த பிறகுதான். அவசரப்படாதீர்கள்.)

இனி அந்தக் கேள்விக்கு வருகிறேன். வக்கீலிடம் சொன்னேன். "சம்பளம் இல்லைங்கய்யா. ஆனா காலையில கோலம் போட்டு, சமைச்சு, பேரனை ஸ்கூலில் விட்டு, ரேஷன் வாங்கி வந்த கால் இது. அது படுத்ததும் மாசம் 6,000 குடுத்து ஆள் வைச்சோம். அவங்களும் சமையல் மட்டும்தான் செஞ்சாங்க." நோட்டு மேஜைக்குப் போனது. குடும்பத் தலைவியின் வீட்டு வேலைக்கும் பண மதிப்பு உண்டு என்று 2021-ல் உச்ச நீதிமன்றம் ஒரு விபத்து வழக்கில் சொன்னதை எங்கள் வக்கீலம்மா எடுத்துச் சொன்னார். அதன்பின் என் வயதைப் பற்றிய பேச்சு வரவில்லை.

2025-ல் லோக் அதாலத்தில் சமரசமாக முடிந்தது. அங்கே முடிந்தால் மேல்முறையீடு இல்லை என்பதால், தொகை போதுமா என்று வக்கீலம்மாவோடு நன்றாகப் பேசிய பிறகே சம்மதித்தோம். ஆஸ்பத்திரிச் செலவும் ஆள் கூலியும் போக, வலிக்கும், முன்போல நடமாட முடியாமல் போனதற்கும் தனியாகக் கணக்கிட்டிருந்தார்கள். பெரும் செல்வமில்லை. ஆனால், பிள்ளையிடம் கை நீட்டாமல் கடனை அடைத்தேன்.

இப்போது மறுபடி நடக்கிறேன். வெளிச்சம் வந்த பிறகு, வெளிர் நிறச் சேலையில், எதிரே வரும் வண்டி கண்ணில் படும்படி வலது ஓரமாக. நாலு பேரில் இன்னமும் நான்தான் கடைசி. ஆனால், ஐம்பதடிக்கு ஒருமுறை மூன்று பேரும் நின்று திரும்பிப் பார்க்கிறார்கள்.

"வாக்கிங் வேணாம்" என்ற மகனுக்கு வயது 42. போன வாரம் அவனுக்கும் சர்க்கரை எட்டிப் பார்த்திருக்கிறது. நாளை முதல் எங்களோடு வருகிறானாம். வரட்டும், கடைசியில் நடக்க எனக்கும் ஒரு துணை!