கறுப்பு வண்டியும் மூன்று காக்கை எச்சமும்

இந்த மாதச் சுவர் இதழுக்கு எங்கள் வகுப்பில் எல்லோரும் கவிதை கொடுத்துவிட்டார்கள். மழை பற்றி மூன்று, அம்மா பற்றி ஐந்து. எனக்குக் கவிதை வராது. அதனால் விடுமுறையில் நடந்ததை அப்படியே எழுதுகிறேன். இதில் நான் செய்த தப்பும் இருக்கிறது. அப்பாவிடம் கேட்டதற்கு, "எழுதிக்கோ, அண்ணாச்சி பேர மட்டும் போடாத" என்றார். போடவில்லை.

எங்க அப்பா விருதுநகரில் ஒரு அண்ணாச்சி வீட்டில் டிரைவர். வண்டி கறுப்பு ஸ்கார்பியோ. அண்ணாச்சி மகளுக்குக் கல்யாணம் வந்தது. பொண்ணு மாப்பிள்ளை அந்த வண்டியில்தான் மண்டபத்துக்கு வரணும் என்று பேச்சு. அந்த நேரம் பார்த்து அப்பாவுக்குக் காய்ச்சல். "வண்டி மேல தண்ணிய ஊத்திக் கழுவி மட்டும் விட்டுட்டு வா, துடைக்காத" என்று என்னை அனுப்பினார்.

நான் கழுவவில்லை, துடைத்தேன். ஒரு வாரப் புழுதி மேலே கிடந்தது. என்னுடைய பழைய விளையாட்டு விழா பனியனை லேசாக நனைத்து, வட்டம் வட்டமாக, கை வலிக்க வலிக்கத் தேய்த்தேன். வண்டி நிற்பது பாதாம் மரத்தடி. பானெட்டில் மூன்று காக்கை எச்சம் காய்ந்து ஒட்டியிருந்தது. அதை நகத்தால் சுரண்டி எடுத்தேன். ஈரத்தில் வண்டி கண்ணாடி மாதிரி இருந்தது. ரொம்பப் பெருமையாக வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் காலை வெயிலில் அண்ணாச்சி பார்த்துவிட்டார். சூரியன் தெரிந்த இடத்தைச் சுற்றிச் சிலந்தி வலை பின்னியது போலக் கீறல். எச்சம் இருந்த மூன்று இடத்திலும் அம்மைத் தழும்பு மாதிரி மங்கல்.

"என்னப்பா, சாக்க வச்சுத் தொடச்சியா? கல்யாணத்துக்கு இன்னும் பதினஞ்சு நாள்தான் இருக்கு. நான் வேற ஆள் பாக்கணுமா?"

காய்ச்சலோடு வேலைக்கு வந்திருந்த அப்பா, "நாந்தான் கவனிக்காம விட்டுட்டேன் அண்ணாச்சி. சரி பண்ணிடுறேன்" என்றார். நான் கேட்டுக்கு வெளியே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே போய், "அப்பா இல்ல, நான்" என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

என் தாய்மாமா மதுரையில் ஒரு டிங்கரிங், பெயிண்டிங் பட்டறையில் இருபது வருஷமாகப் பாலிஷ் வேலை பார்க்கிறார். ஞாயிற்றுக்கிழமை பட்டறை லீவு. முதலாளியிடம் சொல்லிவிட்டு வண்டியைக் கொண்டு வரச் சொன்னார். அப்பாவும் நானும் போனோம்.

மாமா வந்ததும் மெஷினை எடுப்பார் என்று நினைத்தேன். எடுக்கவில்லை. ஷாம்பூ போட்டுக் கழுவி, நிழலில் நிறுத்தி, களிமண் மாதிரி ஒரு கட்டியைச் சோப்புத் தண்ணீர் தெளித்துத் தெளித்து மேலே இழுத்தார். பெயிண்டில் ஒட்டிப் போன அழுக்கு அதில் வந்துவிடுமாம். அப்புறம் டார்ச்சை என் கையில் கொடுத்தார்.

"என்ன தெரியுது மருமகனே?"

"வட்டம் வட்டமா கீறல் மாமா."

"டார்ச்ச நகத்து."

நகர்த்தினேன். வட்டமும் கூடவே நகர்ந்தது!

"கீறல் எப்படிடா நடந்து வரும்?" என்று சிரித்தார். கீறல் எல்லாப் பக்கமும் கண்டபடிதான் கிடக்கிறதாம். வெளிச்சத்துக்குக் குறுக்கே கிடக்கிற கீறல் மட்டும் மின்னும், மற்றது கண்ணுக்குத் தெரியாது. மின்னுகிறதெல்லாம் சேர்ந்து விளக்கைச் சுற்றி வட்டமாகத் தெரிகிறது. உங்கள் வீட்டில் பழைய எவர்சில்வர் தட்டு இருந்தால் இருட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள், இதே வட்டம் வரும். (இயற்பியல் ஐயா, தப்பிருந்தால் திருத்தவும்.)

வெள்ளை வண்டியிலும் இதே அளவு கீறல் இருக்குமாம், ஆனால் தெரியாது. வெள்ளைச் சுவரில் சாக்பீஸால் எழுதினால் தெரியுமா? கரும்பலகையில் தெரியும். அவ்வளவுதான் விஷயம்.

அடுத்து மாமா சொன்னதுதான் எனக்குப் புதுசு. இவ்வளவு நாள் பாலிஷ் என்றால் எதையோ மேலே பூசுவது, அது கீறலை அடைத்துவிடும் என்று நினைத்திருந்தேன். கிடையாது. பாலிஷ் என்பது எடுப்பது. தகரத்தின் மேல் பிரைமர், அதன்மேல் கறுப்பு, அதற்கும் மேலே நிறமே இல்லாத கிளியர் கோட். கம்பெனி பெயிண்டில் எல்லாம் சேர்த்து 100 முதல் 150 மைக்ரான்தான் வரும். அதில் கிளியர் கோட் 40, 50 மைக்ரான் இருக்கும். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் தலைமுடியே சுமார் 70 மைக்ரான் தடிமன். அந்த முடியைவிட மெல்லிசான தோலில்தான் நான் புழுதியைப் போட்டுத் தேய்த்திருக்கிறேன். கீறல் எவ்வளவு ஆழமோ அவ்வளவுக்குச் சுற்றியுள்ள கிளியர் கோட்டைச் சமமாகத் தேய்த்து இறக்கினால் கீறல் போய்விடும். போன கிளியர் கோட் திரும்ப வராது.

வேலை ஆரம்பித்தது. பானெட் நடுவில் மாஸ்கிங் டேப் ஒட்டினார். ஓரங்கள், ரப்பர் பீடிங், எல்லாவற்றுக்கும் டேப். கம்பளி பேடில் காம்பவுண்ட் தொட்டு, மெஷின் வயரைத் தோளில் போட்டுக்கொண்டு, முதலில் மெதுவாகப் பரப்பி, பிறகு 1200 சுற்றில் வைத்து ஓட்டினார். ஒரே இடத்தில் நிற்கவே இல்லை. நடுநடுவே உள்ளங்கையை வைத்து சூடு பார்த்தார். துடைத்துவிட்டு டேப்பை உரித்தபோது ஒரு பாதி சாம்பல் பூசினது போல, மறு பாதியில் பட்டறைக் கூரையின் ஆணி வரை தெரிந்தது. அப்பா ஒன்றும் பேசவில்லை, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"நானும் பிடிக்கிறேன் மாமா" என்றேன். கொல்லையில் கிடந்த ஒரு பழைய கறுப்புக் கதவைக் காட்டினார். மெஷின் என்னை இழுத்துக்கொண்டு போனது. அதை அடக்க அழுத்திப் பிடித்தேன். கதவின் நடுவில் ஓடும் மடிப்புக் கோட்டில் பேடு மாட்டியது. அரை நிமிடம்கூட இருக்காது, வெள்ளைக் கம்பளி கறுப்பாகிவிட்டது. கீழே சாம்பல் நிறப் பிரைமர் எட்டிப் பார்த்தது.

"பேடு கறுப்பானா கிளியர் கோட் போயிருச்சுன்னு அர்த்தம். மேட்டுலயும் ஓரத்துலயும் பெயிண்ட் மெல்லிசு. அங்கதான் முதல்ல போகும்" என்றார். அவர் வேலை பழகும்போது ஒரு வண்டியின் கதவு ஓரத்தை இப்படித்தான் எரித்துவிட்டாராம். ஒரு மாதச் சம்பளம் பிடித்தார்களாம். அம்மாவுக்கே தெரியாத கதை இது. இப்போது தெரிந்துவிடும்.

கம்பளி பேடு வேகமாக வெட்டும், ஆனால் கறுப்பில் தன் தடத்தையும் விட்டுவிடும். வெயிலில் பார்த்தால் புகை மாதிரி அலை அலையாகத் தெரியும். அதனால் மெத்தென்ற ஸ்பாஞ்ச் பேடும் நைஸ் பாலிஷும் போட்டு வண்டி முழுக்க இரண்டாவது சுற்று. இதற்கே பொழுது சாய்ந்துவிட்டது. கடைசியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துடைத்துப் பார்த்தார். பாலிஷில் இருக்கும் எண்ணெய் கீறலுக்குள் உட்கார்ந்துகொண்டு, போய்விட்டது போல ஏமாற்றுமாம். கீறல் திரும்ப வரவில்லை.

எச்சத் தழும்பில் இரண்டு போய்விட்டது. மூன்றாவது போகவில்லை. எச்சத்தின் வெள்ளைப் பகுதி யூரிக் அமிலம். அதோடு வெயிலில் பெயிண்ட் இளகி விரியும், ராத்திரி குளிரில் சுருங்கும்போது காய்ந்த எச்சத்தின் வடிவத்துக்கே படிந்துவிடும். அதனால் குழி. அதற்கு மேல் என் நகம் வேறு.

"இன்னும் ரெண்டு தடவ ஓட்டுங்க மாமா, போயிரும்."

"போகும். அதோட கிளியர் கோட்டும் போகும். ஒரு வருஷத்துல அந்த இடம் வெயில்ல வெளுத்துத் தோல் உரியும். அப்ப உங்க அப்பன் என்ன சொல்லுவான்?"

"கல்யாணத்துல அண்ணாச்சி பாத்துட்டா?"

மாமா அப்பாவைப் பார்த்தார். அப்பா குனிந்து அந்த இடத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "விட்டுரு மாப்ள, போதும்" என்றார்.

திரும்பி வரும்போது கள்ளிக்குடி தாண்டியதும் சொல்லிவிட்டேன். "அப்பா, அன்னைக்கு நான் கழுவல. காஞ்ச புழுதியோட தேச்சுட்டேன்."

"தெரியும்டா."

"எப்படி?"

"உன் ஏழாம் நம்பர் பனியன் டிக்கியிலதான கெடந்துச்சு."

அதற்குமேல் விருதுநகர் வரும்வரை இருவரும் பேசவில்லை. அண்ணாச்சி வீட்டில் வண்டியை நிறுத்தியதும் அப்பா அவரைக் கூப்பிட்டு அந்த மூன்றாவது தழும்பை அவரே விரல் வைத்துக் காட்டினார். "இது மட்டும் நின்னுபோச்சு அண்ணாச்சி. எடுத்தா பெயிண்ட் கெட்டுரும்." என் வயிறு கலங்கியது. அப்போதுதான் நானும், "தொடச்சது நான்தான் அண்ணாச்சி" என்றேன். அவர் என்னையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தார். "அதுக்கு மேல மாலையத் தொங்க விட்டாப் போச்சு" என்று உள்ளே போய்விட்டார்.

கல்யாணத்தன்று அங்கே சாமந்தி மாலை தொங்கியது. இப்போது அண்ணாச்சி தகர ஷெட் போட்டுவிட்டார். வண்டி அதற்குள் நிற்கிறது. பாதாம் மரத்தடியில் அப்பாவின் சைக்கிள் நிற்கிறது. காக்கைகள் இடத்தை மாற்றவில்லை. தினமும் சாயங்காலம் சைக்கிள் சீட்டைக் கழுவுவது என் வேலை. முதலில் நிறையத் தண்ணீர் ஊற்றுகிறேன்.

– பதினொன்றாம் வகுப்பு, 'ஆ' பிரிவு மாணவன்