மாப்லாங் தெய்வக்காடு

மேகாலயத்தின் தலைநகராகிய ஷில்லாங்கிலிருந்து ஏறக்குறைய 25 கிலோமீட்டர் தொலைவில் மாப்லாங் என்னும் சிற்றூர் உள்ளது. அங்கு வாழ்வோர் காஸி மலைமக்கள். அவர்கள் மொழியில் 'மா' என்றால் கல். 'ப்லாங்' என்றால் புல். பெயருக்கு ஏற்பவே கல்லும் புல்லும் நிறைந்த மேட்டுவெளி அது. அவ்வெளியின் நடுவே, ஏறத்தாழ 190 ஏக்கர் பரப்பில், தலைமுறை தலைமுறையாகக் கோடரி படாத தொல்காடு ஒன்று நிற்கிறது. ஷில்லாங் செல்லும் நம் குடும்பத்தார் அருவிகளையும் ஏரியையும் கண்டு திரும்புவதே வழக்கம். இக்காட்டிற்கும் ஒரு முற்பகலை ஒதுக்குவது நன்று.

முதலில் நாங்கள் நடந்தது புல்வெளியில். மரமென்று சொல்ல ஆங்காங்கே சில பைன்களே உண்டு. காற்று தடையின்றி வீசுகிறது. வழியில் நெடுங்கற்கள் வரிசையாக நிற்க, அவற்றின் முன்னே பலகைபோல் ஒரு கல் கிடக்கிறது. நிற்பவை தாய்மாமன்மார், கிடப்பது குலத்தின் மூதாட்டி. காஸி மக்களிடையே குலம் தாய்வழி வருவது. வீடு கடைசி மகளுக்கு உரியது. குடும்பத்தில் தாய்மாமன் சொல்லுக்கு மதிப்பு மிகுதி. தாய்மாமன் சீரை மறவாத நமக்கு இக்கற்கள் அந்நியமாகத் தோன்றவில்லை.

காட்டின் விளிம்பு கோடு கிழித்தாற்போல் இருக்கிறது. ஓரடி முன்னர் வெயில். ஓரடி பின்னர் நிழல். உள்ளே ஓக் மரங்களும் கஷ்கொட்டை இனத்து மரங்களும் கிளை பின்னி நிற்கின்றன. நம் நீலகிரிச் சோலைகளின் ஓரத்தில் செந்நிறமாய்ப் பூக்கும் காட்டுப்பூவரசின் இனமும் இங்கே உண்டு. அடிமரம் முழுவதும் பாசி. கிளைகளில் பெரணியும் ஆர்க்கிட் செடிகளும். காலடியில் உதிர்ந்து மக்கிய இலைகள் மெத்தைபோல் அழுந்துகின்றன. இடையிடையே பாசி படர்ந்த கற்கள். முற்காலத்தில் ஊர்ப் பெரியோர் கூடி வழிபாடு நடத்திய இடங்கள் இவை.

இக்காட்டிற்குச் சட்டம் ஒன்றே: எதையும் எடுத்துச் செல்லலாகாது. கனியும் கூடாது, பூவும் கூடாது, விழுந்து கிடக்கும் சுள்ளியும் கூடாது. காவல் தெய்வம் லாபாசா. அது சிறுத்தை உருவில் தோன்றினால் நன்மை, பாம்பாகத் தோன்றினால் தீங்கு என்பர். பட்ட மரங்களை ஏற்றிய ஒரு லாரி, அவற்றை இறக்கும் வரை நகர மறுத்தது என்றும் ஊரார் கதை சொல்கின்றனர். உடன் வந்த சிறுவர்கள் இக்கதையை நம்பினார்களோ இல்லையோ, வெளியே வந்ததும் தாமாகவே சட்டைப்பையை உதறிப் பார்த்துக்கொண்டார்கள்.

வெளியே வெறும் புல்லும் உள்ளே பெருங்காடுமாக இருப்பது மண்ணின் வேற்றுமையால் அன்று. காஸி மலைகளில் ஏறக்குறைய 2000 ஆண்டுகள் இரும்பு உருக்கும் தொழில் நடந்தது. அதற்கு வேண்டிய கரிக்காக மரங்கள் வீழ்ந்தன. தீயிட்டுப் பயிர் செய்ததாலும், மேலும் மேலும் தீ வைத்ததாலும் காடு மீண்டும் தழைக்கவில்லை. இந்தியாவிலேயே மிகுந்த மழை பெய்யும் இம்மலைகளில், நிழலிழந்த மண்ணை வெள்ளம் அரித்துச் சென்றது. சீமை இரும்பு மலிந்தபின், 19-ஆம் நூற்றாண்டில் உலைகள் அவிந்தன. ஆயினும் போன மண் திரும்பவில்லை. ஆகவே நாங்கள் கண்ட அவ்விளிம்பு மனிதர் கொடுத்த ஒரு வாக்கின் எல்லை. வாக்கு இருந்த இடத்தில் காடு இருக்கிறது.

வியப்பு இன்னும் ஒன்று உண்டு. 1841 முதல் வேல்சு நாட்டுப் பாதிரியார்கள் சிரபுஞ்சிக்கு வரத் தொடங்கினர். இன்று காஸி மக்களுள் பெரும்பாலோர் கிறித்தவர்கள். தெய்வத்திற்குப் பலியிடும் வழக்கம் குன்றிற்று; ஆயினும் காட்டைத் தொடாத வழக்கம் குன்றவில்லை. 1958-இல் அம்மலைகளின் தன்னாட்சி மாவட்ட மன்றம் இயற்றிய வனச் சட்டமும் இத்தகைய தெய்வக்காடுகளைத் தனி வகையாக ஏற்றுக்கொண்டது.

நம் ஊர்களிலும் ஐயனார்க்கும் அம்மனுக்கும் உரிய கோயில்காடுகள் உண்டு. வேரோடு மண்ணைக்கூட எடுக்கலாகாது என்று நம் பாட்டிமார் சொன்னவையே அவை. அவற்றுள் பல இன்று சுருங்கிவிட்டன. பிழைப்பிற்காக ஊரைவிட்டு வந்த நம் பிள்ளைகளுள் பலர் அவற்றைக் கண்டதே இல்லை. குலதெய்வத்திற்குப் பொங்கல் வைக்கச் செல்லும்போது, கோயிலைச் சுற்றியுள்ள மரங்களின் பெயர்களையும் அங்குள்ள முதியோரிடம் கேட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவோமாக. பெயர் தெரிந்த மரத்தை வெட்ட மனம் எளிதில் வராது.

செல்ல விரும்புவோர்க்குச் சில குறிப்புகள்: மழைக்காலத்தைத் தவிர்த்து, அக்டோபருக்கும் ஏப்ரலுக்கும் இடையே செல்க. ஊர் இளைஞர் ஒருவரை வழிகாட்டியாகக் கட்டணம் தந்து அழைத்துச் செல்க. வழுக்காத செருப்பும் கம்பளிச் சட்டையும் வேண்டும். கட்டுச்சோற்றைப் புல்வெளியிலேயே முடித்துக்கொள்க. விடைபெறும்போது வழிகாட்டியிடம் 'குப்லெய்' என்று சொல்லுங்கள். நன்றி கூறவும் வாழ்த்தவும் அவர்களுக்கு அந்த ஒரு சொல்லே போதும்.