கொம்பியூட்டர் வேலைக்குப் போன நம்ம தம்பி



பெருநாள் லீவு முடிந்து பாடசாலை தொடங்கிய முதல் வாரம், எங்களிடம் கணிதம் படித்த ஒரு தம்பி பார்க்க வந்திருந்தார். கொழும்பில் பெரிய மென்பொருள் கொம்பனி ஒன்றில் பொறியியலாளராக நாலாவது வருடம். பெயர் போட வேண்டாம் என்றார், போடவில்லை. (ஊரில் பாதிப்பேருக்கு இப்பவே விளங்கியிருக்கும். கொமென்ட்டில் எழுதிவிடாதீர்கள்.)

உயர்தர மாணவர்களோடு உட்காரவைத்து, "காலையில போனா என்னதான் செய்வீங்க தம்பி, அத மட்டும் சொல்லுங்க" என்றோம். நம்மூரில் டொக்டர் என்றால் விளங்கும், கட்டாருக்குப் போனால் விளங்கும், மெயின் ரோட்டில் புடவைக்கடை போட்டாலும் விளங்கும். இந்த வேலை விளங்குவதில்லை. அவருடைய உம்மாவே "மகன் கொம்பியூட்டர் திருத்துறார்" என்றுதான் சொல்லிவைத்திருக்கிறா. லீவில் வந்தால் பக்கத்து வீட்டு பிரிண்டர் வந்துவிடுமாம்.

காலையில் பத்துப் பேர் கொண்ட குழு கால்மணி நேரம் கூடும். நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்வேன், எங்கே சிக்கி நிற்கிறேன் என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். வேலை இரண்டு வாரத் துண்டுகளாகப் பிரியும். எழுதிய கோடை அப்படியே சேர்க்க முடியாது. இன்னொருவர் வரி வரியாக வாசித்து, கேள்வி கேட்டு, சரி என்ற பிறகுதான் சேரும். புதிதாக எழுதுவது கொஞ்சம், மற்றவர் எழுதியதை வாசிப்பதுதான் அதிகம் என்றார். முறை வரும் வாரத்தில் நடுச்சாமம் இரண்டு மணிக்கும் போன் அடிக்கும். எங்கோ ஒரு நாட்டில் சிஸ்டம் விழுந்திருக்கும்.

வந்திருந்த வாப்பா ஒருவர் பென்சன் உண்டா என்று கேட்டார். பென்சன் இல்லை. ஈபிஎப் உண்டு: ஊழியர் 8 வீதம், கொம்பனி 12 வீதம், ஈடிஎப்புக்கு மேலதிகமாக 3 வீதம்.

ஒரு மாணவன் "மெத்ஸ் எவ்வளவு தேவை நானா?" என்றான். "மெத்ஸ் பிரச்சினையில்ல, சேர்மார் தந்தது போதும்" என்றவர், எங்களைப் பார்த்துக் கொஞ்சம் தயங்கினார். முதல் எட்டு மாதமும் அந்தக் காலைக் கூட்டத்தில் "சேம் எஸ் யெஸ்டர்டே" என்பதைத் தவிர வாய் திறக்கவில்லையாம். விடை தெரிந்திருந்தும். அவர் முன்கூட்டியே கண்டுபிடித்து மனதுக்குள் வைத்திருந்த ஒரு பிழையை, இரண்டு நாள் கழித்து வேறொருவர் எடுத்துச் சொல்லிப் பாராட்டு வாங்கியிருக்கிறார். வேலையை விட்டு வாப்பாவின் கடைக்கே வந்துவிடலாம் என்று கடிதமும் எழுதிவைத்திருந்தாராம்.

எங்களுக்குச் சுருக்கென்றது. பதின்மூன்று வருடம் நம்மூர் ஆசிரியர்கள் கையில் இருந்த பிள்ளை. நாங்கள் கேள்வி கொடுத்தோம், அவர் கொப்பியில் செய்தார், சிவப்புப் பேனையால் சரி போட்டோம். எழுந்து நின்று, ஏன் இப்படிச் செய்தாய் என்று விளக்கச் சொன்ன நாள் ஒன்றுகூட ஞாபகத்தில் இல்லை. ஆங்கிலத்தை விடுங்கள், தமிழில்கூட.

அவர் சொன்ன இன்னொன்று பெற்றோரும் அறிய வேண்டியது. 2004 டிசம்பர் 26க்குப் பிறகு, ஆட்களைத் தேடிப் பெயர்களைக் கொப்பியில் எழுதித் திரிந்தது எங்களில் மூத்தவர்களுக்கு மறக்காது. அதே நாட்களில் கொழும்பில் மென்பொருள் தெரிந்த தொண்டர்கள் கூடி, காணாமல் போனவர்களையும் முகாம்களையும், எங்கே என்ன உதவி தேவை என்பதையும் பதிய ஒரு மென்பொருளைச் சில வாரங்களில் எழுதினார்கள். அதுதான் சஹானா. 2005 பாகிஸ்தான் பூகம்பத்திலும், 2010இல் ஹெய்ட்டியிலும் அது பயன்பட்டது. அதை முன்னெடுத்த லங்கா சொப்ட்வெயார் பவுண்டேசனைத் தொடங்கிய கலாநிதி சஞ்சீவ வீரவரண, 2005இல் கூட்டாளிகளோடு ஆரம்பித்த கொம்பனிதான் டபிள்யூஎஸ்ஓ2. இரண்டின் கோடையும் கிட்ஹப்பில் எவரும் வாசிக்கலாம். காத்தான்குடியில் இருந்தபடியே ஒரு பிழையைத் திருத்தி அனுப்பலாம். அதையும் அங்கே ஒருவர் வரி வரியாகப் பார்ப்பார். யாருடைய மகன் என்று கேட்கமாட்டார்கள்.

அந்தக் கடிதத்தை அவர் கொடுக்கவில்லை. குழுவில் மூத்த சிங்களச் சகோதரி ஒருவர், "நீங்கள் எழுத்தில் போடும் குறிப்புகள் நல்ல தெளிவு, அதையே நாளைக்குச் சத்தமாக வாசியுங்கள்" என்றிருக்கிறார். ஒரு மாதம் கடதாசியைப் பார்த்து வாசித்தாராம். பிறகு கடதாசி தேவைப்படவில்லை.

போன புதன்கிழமை பின்னேரம் நாங்களும் தொடங்கினோம். ஒவ்வொருவரும் எழுந்து ஆங்கிலத்தில் மூன்று வசனம்: நேற்று, இன்று, எங்கே சிக்கல். பதினொரு பேர் வந்தார்கள். ஆசிரியர்களும் சொல்ல வேண்டும் என்று பிள்ளைகள் பிடிவாதம். எங்களில் ஒருவர் எழுந்து "ஐ ஆம் ஸ்டக்" என்றதோடு நின்றுவிட்டார். பிள்ளைகள் கை தட்டினார்கள்.

இந்தப் புதனும் 3 மணிக்கு இருக்கிறது, இன்ஷா அல்லாஹ். பெண்பிள்ளைகளுக்கு வியாழக்கிழமை, டீச்சர் ஒருவர் பொறுப்பெடுத்திருக்கிறா.