பயணம் காட்டிய முகம்

அரபு மொழியில் பயணத்திற்கு ‘ஸஃபர்’ என்று பெயர். திரையை விலக்கி முகத்தைக் காட்டுதல் என்னும் பொருளும் அதே வேர்ச்சொல்லில் அடங்கியிருக்கிறது. மனிதரின் குணங்களை வெளிப்படுத்துவதாலேயே பயணத்திற்கு இப்பெயர் வந்ததென இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் விளக்குவார்கள். திருவள்ளுவரோ ‘நட்பு’ அதிகாரத்தை முடித்த கையோடு ‘நட்பாராய்தல்’ என மற்றோர் அதிகாரத்தை வைத்தார். இவ்விரண்டையும் பல்லாண்டுகளாக மாணவர்களுக்குச் சொல்லி வருகிறேன். ஆயினும் பாடம் எனக்கு விளங்கியது சென்ற கோடையில், கல்வராயன் மலையில்தான்.

உறவினர் இல்ல நிகாஹுக்காகக் கள்ளக்குறிச்சி சென்றிருந்தேன். 2019-ல் விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான பின் அவ்வூருக்கு நான் செல்வது அதுவே முதன்முறை. சுப்ஹுத் தொழுகைக்குப் பின் பள்ளிவாசலில் ஆறு பேர் அறிமுகமாயினர். வெளியூர் ஹஜ்ரத்தை மலையைக் காட்டாமல் அனுப்பலாகாது என்று அவர்கள் தீர்மானிக்க, மறுநாள் காலை எழுவரும் வேனில் புறப்பட்டோம்.

கச்சிராயபாளையத்தைக் கடந்து, கோமுகி அணையைப் பார்த்துவிட்டு மலைப்பாதையில் ஏறினோம். ஒரு வளைவில் டயர் வெடித்தது. மாற்று டயரிலும் காற்றில்லை. அதைச் சரிசெய்து பெரியார் நீர்வீழ்ச்சியை அடைந்தபோது நண்பகல் கடந்துவிட்டது. அங்கே பாறைமீது நூலிழைபோல் நீர் கசிந்துகொண்டிருந்தது. “போகட்டும், பிரியாணியையாவது பார்ப்போம்” என்று வண்டியின் பின்கதவைத் திறந்தார் ஒருவர். விரிப்பு இருந்தது, தட்டுகள் இருந்தன, தேக்சாவைக் காணோம்! மற்றவர் ஏற்றியிருப்பார் என்று ஒவ்வொருவரும் எண்ணியிருக்கிறோம்.

மூவர் பயணம் போனாலும் ஒருவரைத் தலைவராக்கிக் கொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்த ஹதீஸ் அபூதாவூதில் உள்ளது. எழுவர் போனோம், பொறுப்பாளர் எவருமில்லை. அந்த ஹதீஸைப் போதிக்கும் நானும் வாய் திறக்கவில்லை.

அதுவரை சிரித்துக்கொண்டுதான் இருந்தோம். வெள்ளிமலைப் பக்கம் உணவு தேடிச் செல்லும் வழியில், எங்களுள் மூத்தவருக்கு உடல் வியர்த்தது, கை நடுங்கியது, பேச்சுக் குழறியது. அவர் நீரிழிவுக்காரர். காலையில் மாத்திரை உண்டவர்; உணவோ தவறிவிட்டது. இரத்தத்தில் சர்க்கரை தாழ்ந்தால் நினைவிருக்கும்போதே இனிப்புக் கொடுத்தாக வேண்டும். எங்களிடம் ஒரு மிட்டாய்கூட இல்லை.

வழியோர வீடொன்றின் முன் வண்டியை நிறுத்தினோம். மலையாளி என்று பெயர்பெற்ற மலைவாழ் மக்களின் வீடு. அவர்கள் பேசுவது தமிழே. விவரம் கேட்ட மூதாட்டி உள்ளே விரைந்து சென்று, ஒரு குவளையை என் கையில் கொடுத்தார். நீர் பழுப்பாயிருந்தது.

இதை எழுத நாணமாயிருக்கிறது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தால் அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்ட செய்தியும், அதையொட்டி இம்மலையில் நடந்த சாராயவேட்டைச் செய்திகளும் என் மனத்தில் படிந்திருந்தன. கண்ணெதிரே ஓர் உயிர் தடுமாற, நான் அந்தக் குவளையை முகர்ந்து பார்த்தேன்.

மூதாட்டி அதைக் கண்டார். கோபிக்கவில்லை. “வெல்லத் தண்ணிதான் பாய், சீக்கிரம் குடுங்க” என்றார்.

நண்பர் அதைக் குடித்தார். கால்மணி நேரத்தில் தெளிந்து உட்கார்ந்தார், அல்ஹம்துலில்லாஹ். பின்பு அவ்வீட்டுச் சாமைக் கஞ்சியை எழுவரும் பகிர்ந்து உண்டோம்.

ஒருவரை நல்லவரென்று சான்றுரைத்தவரிடம், “அவரோடு பயணம் செய்ததுண்டா?” என்று உமர் (ரலி) அவர்கள் வினவியதாகக் கூறுவர். புதிய நண்பர்களைப் பற்றி என்னிடம் வினவினால், தயங்காமல் சான்றுரைப்பேன்: வெடித்த டயருக்கும் மறந்த தேக்சாவுக்கும் ஒருவரும் மற்றவரைப் பழிக்கவில்லை. என்னைப் பற்றி அம்மூதாட்டியிடம் வினவினால்?

நான் முகர்ந்ததை நண்பர்கள் கவனிக்கவில்லை. விடைபெறும்போது அவருக்குப் பலமுறை நன்றி கூறினேன். கேட்டிருக்க வேண்டியது மன்னிப்பு.