கல்லும் உப்புக்காற்றும்

மணப்பாட்டில் 1581-இல் எழுந்த திருச்சிலுவை ஆலயம் ஒரு மணற்குன்றின் மேல் நிற்கிறது. 1542-இல் இக்கரைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் தங்கியதாகச் சொல்லப்படும் குகை அக்குன்றின் கடலோரச் சரிவில் இருக்கிறது. அதன் சுவரை விரலால் தேய்த்தால் மணல் உதிரும். இக்கரையின் பாறை அத்தகையது. வடக்கே ஏறத்தாழ பதினெட்டுக் கிலோமீட்டரில் உள்ள திருச்செந்தூர்க் கோயிலின் வரலாற்றைப் படிக்கவும் இந்த உதிரும் பாறையிலிருந்து தொடங்குவதே முறை என்று நமக்குத் தோன்றுகிறது.

நம் வகுப்பறைகளில் கோயிற்கலை அரசமரபு வரிசையிலேயே கற்பிக்கப்படுகிறது. பல்லவர் குடைந்தனர், சோழர் உயர்த்தினர், நாயக்கர் விரித்தனர் என்று மூன்று வினைச்சொற்களில் ஆயிரம் ஆண்டுகள் முடிந்துவிடும். முற்காலப் பாண்டியருக்கு அங்கே ஒரு பத்தி கிடைத்தால் அதிகம். நாகரம், திராவிடம், வேசரம் என்ற பெயர்களிலும் இதே அவசரந்தான். தென்னாட்டுச் சிற்ப நூல்கள் பலவற்றில் அவை சிகரத்தின் வடிவைக் குறிக்கும்: சதுரம், எண்பட்டை, வட்டம். இன்றைய கலை வரலாற்றிலோ அவை நிலப்பகுதிகளின் பெயர்கள். இரண்டையும் குழப்பிக்கொண்டு தேர்வெழுதும் மாணவரைக் குறை சொல்ல நமக்கு மனம் வருவதில்லை.

பாண்டியர் பத்தி ஏன் சிறுத்தது? இக்கரையைப் பொறுத்தவரை கல் ஒரு காரணம். திருச்செந்தூரின் தொன்மையில் ஐயமில்லை. அலைவாய் என்று சங்க நூல்களே அதைப் பேசுகின்றன. ஒன்பதாம் நூற்றாண்டில் இரண்டாம் வரகுணன் அக்கோயிலுக்கு 1400 காசு அளித்து, அதைக் கொற்கை உள்ளிட்ட பல ஊர்ச் சபைகளிடம் முதலாக வைத்து, அதன் பயனைக் கொண்டு ஆண்டு முழுவதற்குமான பூசைச் செலவை நடத்த ஏற்பாடு செய்ததைக் கல்வெட்டு கூறுகிறது. அவ்வளவு நுணுக்கமாகக் கணக்கிட்ட மன்னன் வணங்கிய கட்டடத்தை நாம் இன்று காண முடியாது. மணற்கல்லால் ஆன பழைய கட்டடம் உப்புக்காற்றில் அரித்துப் பொரிந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மௌனசாமி தொடங்கிய கருங்கல் திருப்பணியைக் காசிசாமியும் ஆறுமுகசாமியும் தொடர்ந்தனர். 1941-இல் குடமுழுக்கு நடந்தது. நாம் சுற்றிவரும் கல் அவர்களுடையது.

மேற்கே நிற்கும் ஒன்பது நிலை இராசகோபுரம் இதற்கு மூத்தது. பதினேழாம் நூற்றாண்டில் தேசிகமூர்த்தி சுவாமிகள் எழுப்பியதாகக் கூறுவர். கருவறை கடலைப் பார்க்கிறது. கிழக்கே கோபுரத்துக்கு இடமில்லை. அதனால் அது முருகனின் முதுகுப்புறம், நிலத்தைப் பார்த்து நிற்கிறது. ஆண்டின் பெரும்பகுதி அதன் வாசல் அடைத்தே இருக்கும். வாசலாகப் பயன்படாத வாசற்கோபுரம்! தஞ்சையில் 1010-ஐ ஒட்டி விமானமே வானளாவியது. பின்னர் சிதம்பரத்திலும் நாயக்கர் ஊர்களிலும் விமானம் தாழ்ந்து கோபுரம் வளர்ந்தது. அந்த நெடிய மாற்றம் இங்கே கடலின் நெருக்கத்துக்கு வளைந்து கொடுத்திருக்கிறது.

கல் உறுதியாக இருந்தால் பாண்டியச் சிற்பியர் என்ன செய்திருப்பர் என்பதற்குக் கழுகுமலை சான்று. எட்டாம் நூற்றாண்டின் வெட்டுவான் கோயில் மலையிலிருந்து மேலிருந்து கீழாகச் செதுக்கப்பட்டது. எண்பட்டைச் சிகரம் முழுமையாக முடிந்திருக்கிறது. கீழே அடித்தளத்துக்கு உளி சென்று சேரவில்லை. மத்தளம் வாசிக்கும் தட்சிணாமூர்த்தியை அங்கேதான் காணலாம். ஏறத்தாழ அதே காலத்தில் எல்லோராவில் இராட்டிரகூடர் கைலாசநாதரை இதே முறையில் பன்மடங்கு பெரிதாகக் குடைந்தனர். அளவில் வியப்பு எல்லோராவுக்கு. நளினத்தில் நம் வாக்கு கழுகுமலைக்கே. காஞ்சிக் கைலாசநாதர் கோயிலோ மணற்கல். அரித்த சிற்பங்களின் மேல் பிற்காலத்தார் சுதை பூசினர். பல்லவச் சிற்பியின் கைவண்ணம் பல இடங்களில் அப்பூச்சுக்குள் மறைந்து கிடக்கிறது.

காஞ்சியார் பூசினர், செந்தூரார் மாற்றினர். வழிபாடு நடக்கும் கோயிலில் பிளந்த தூணை வரலாற்றுக்காக விட்டுவைக்க முடியாது என்பதை ஒப்புகிறோம். 2025 ஜூலை 7-இல் செந்தூரில் மீண்டும் குடமுழுக்கு நடந்தது. அதற்கு முந்திய மாதங்களில் கடல் கோயில் முன்னுள்ள மணலை அரித்து எடுத்துக்கொண்டிருந்தது. ஆனால் மாற்றுவதற்கு முன் அளந்து, படமெடுத்து, கல்வெட்டு மைப்படி எடுத்து வைப்பதற்கு எந்த ஆகமமும் தடை சொல்லவில்லை. திருப்பணி என்ற பெயரில் மணல் பீய்ச்சிக் கல்லை வெளுத்த கோயில்கள் தமிழகத்தில் உண்டு. எழுத்தின் விளிம்பு மழுங்கினால் ஒரு சபையின் தீர்மானமே போய்விடுகிறது.

மாணவர்களை அங்கே அழைத்துச் சென்றபோது ஒருத்தி, "வரகுணன் தொட்ட கல் எதுங்க ஐயா?" என்று கேட்டாள். கோயிலுக்கு வடக்கே வள்ளி குகைக்கு அழைத்துப் போனோம். கரைப்பாறையையே குடைந்தது, பெயர்த்து மாற்ற இயலாதது. வரகுணனுக்கும் முந்திய பாறை அது. குனிந்துதான் நுழைய வேண்டும். சுவரைத் தொட்ட அவள் விரல்களில் மணல் ஒட்டியிருந்தது.