"சேர், காரை வித்துட்டீங்களா?"

 

இரண்டு வாரமாக நான் பஸ்ஸில் பள்ளிக்கூடம் போய் வருவதைப் பார்த்துவிட்டு ஆளாளுக்கு ஒரு கதை கட்டியிருக்கிறார்கள். வங்கிக் கடனுக்காகக் காரை விற்றுவிட்டேனாம். எல்லப் பக்கம் வளைவில் அடித்துவிட்டேனாம். பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி மிகவும் கவலையோடு, "சேர், வெளிநாடு போறீங்களா?" என்று கேட்டாள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லிக் களைத்துப் போனேன். அதனால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கார் வீட்டில்தான் நின்றது. ஷொக் போய்விட்டது. அதை நானே மாற்றுவதா, கராஜில் கொடுப்பதா என்று முடிவெடுக்க இவ்வளவு நாள் ஆனது.

என்னுடையது ஓல்டோ 800 என்பது உங்களுக்குத் தெரியும். பன்னிரண்டு அங்குலச் சில்லு. ஆசிரியர் சம்பளத்துக்கு அதுதான் கட்டும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். 2022இல் டொலர் இருநூறிலிருந்து முந்நூற்று அறுபதைத் தாண்டியது. 2025இல் இறக்குமதியைத் திறந்துவிட்டார்கள், ஆனால் வரியோடு சேர்த்து விலையைக் கேட்டால் எங்களுக்கெல்லாம் அது மூடியது மாதிரியே. ஆகவே இருக்கிற காரைத்தான் இழுத்துப் பிடித்து ஓட்ட வேண்டும். டித்வாவுக்குப் பிறகு எங்கள் பக்கத்து ரோட்டுகள் எப்படி இருக்கின்றன என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மண் சரிந்த இடத்தில் கல்லைக் கொட்டி வழி விட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

தோட்டத்து ரோட்டில் இறங்கும்போது முன் பக்கத்தில் 'டக், டக்' என்று ஒரு சத்தம். முதலில் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஓட்டினேன். சத்தம் கேட்காமல் இருக்க இது நல்ல வழி, காசும் செலவில்லை.

பிறகு ஒரு நாள் இரவு இரண்டு மணிக்கு மேல் லயத்திலிருந்து ஒரு தகப்பன் வந்து கதவைத் தட்டினார். மகளுக்கு வலி கண்டுவிட்டது. ஓட்டோ கிடைக்கவில்லை. மழை வேறு. அந்தப் பிள்ளையைப் பின் சீட்டில் படுக்க வைத்து, அவள் தாயையும் ஏற்றிக்கொண்டு ஹாலி-எல வழியாகப் பதுளைப் பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். ஒவ்வொரு குழியிலும் கார் விழுந்து எழும்பி, எழும்பியது அடங்காமல் மறுபடியும் ஆடியது. பின்னாலிருந்து அந்தப் பிள்ளை கத்தவில்லை, "மெதுவா சேர்" என்று மட்டும் சொன்னாள். ஒரு வளைவில் பிரேக் போட்டபோது கார் நான் நினைத்த இடத்தில் நிற்கவில்லை. ஒரு கார் நீளம் தாண்டித்தான் நின்றது. அந்தப் பக்கம் பள்ளம். அல்ஹம்துலில்லாஹ், போய்ச் சேர்ந்தோம். பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் சுகம்.

திரும்பி வரும்போது கண்ணாடியை இறக்கிவிட்டு அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வந்தேன்.

காரின் பாரத்தைத் தாங்குவது ஸ்பிரிங்தான். ஷொக்கின் வேலை பாரம் சுமப்பது இல்லை, ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்குவது. உள்ளே எண்ணெய், அதற்குள் ஒரு பிஸ்டன், அதில் சிறிய துவாரங்கள். எண்ணெய் அந்தத் துவாரத்தால் கஷ்டப்பட்டுப் போகும்போது ஆட்டத்தின் சக்தி வெப்பமாகிவிடும். எண்ணெய் கசிந்துவிட்டால் அடக்க ஆளில்லை. சில்லு துள்ளும். துள்ளுகிற சில்லு ரோட்டைத் தொடாத நேரத்தில் பிரேக் என்ன செய்யும்? நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறவன். இது எனக்குத் தெரியாத விஷயமில்லை. தெரிந்துகொண்டுதான் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஓட்டியிருக்கிறேன்.

காலையில் பார்த்தேன். முன் இடது ஷொக்கில் எண்ணெய் வழிந்து மண் அப்பியிருந்தது. பின் மூலையைக் கையால் அமுக்கி விட்டால் ஒரு தடவை எழும்பி நிற்க வேண்டும், இது இரண்டு மூன்று தரம் ஆடியது. பின் டயரைக் கையால் தடவினால் அங்கங்கே மேடும் பள்ளமும். நாலையும் மாற்றத்தான் வேண்டும்.

விலை விசாரித்தேன். பஞ்சிகாவத்தையில் தெரிந்த ஒருவர் மூலம் கேட்டதில், நாலு ஷொக்குக்கும் என் சம்பளத்தில் பெரிய ஒரு துண்டு போகும். அதோடு கராஜ் கூலி.

இந்த நேரத்தில்தான் என் மச்சினன் வந்து சேர்ந்தார். கட்டாரில் ஆறு வருடம் இருந்தவர். அங்கே சாரதி வேலை, ஆனால் பேச்சைக் கேட்டால் என்ஜினியர். "கூலி எதுக்கு மச்சான்? யூடியூப்ல எல்லாம் இருக்கு. ஒரு நாள் வேல. அப்பிடியே ஸ்பிரிங்குக்குக் கீழ ஸ்பேசர் போட்டு ஒரு இஞ்சி உசத்திடுவோம். தோட்டத்து ரோட்டுக்கு ஜீப் மாதிரி நிக்கும்."

உண்மையைச் சொன்னால் எனக்கும் ஆசை வந்தது. ஓல்டோவுக்கு அடிப்பக்க இடைவெளி 160 மில்லிமீற்றர்தான். நடு ரோட்டில் கல் இருந்தால் வயிறு தட்டும்.

ஒரு போயா நாள் வேலையைத் தொடங்கினோம். பின் பக்கம் முதலில். இந்தக் காரில் பின்னால் ஷொக் வேறு, ஸ்பிரிங் வேறு. மேலே ஒரு பூட்டு, கீழே ஒரு போல்ட். இரண்டையும் கழற்றினால் ஷொக் கையில் வந்துவிடும்.

ஆனால் எங்கள் வாசல் சரிவு. தெமோதரையில் சமதரை வேண்டுமென்றால் ஸ்டேஷன் மேடைக்குத்தான் போக வேண்டும். அந்த இடத்திலிருந்து இறங்கிப் போவதற்கே ரயில் பாதையை ஒரு வட்டம் சுற்ற வைத்து, ஸ்டேஷனுக்கு அடியிலேயே சுரங்கம் தோண்டி விட்டார்கள். கங்காணி ஒருவர் தலைப்பாகையை அவிழ்த்துச் சுற்றியதைப் பார்த்து அந்த யோசனை வந்ததாகச் சின்ன வயதிலிருந்து கேட்கிறோம். கதை உண்மையோ பொய்யோ, சரிவை மதிக்கத் தெரிந்தவர்கள் கட்டியது. நாங்கள் மதிக்கவில்லை.

ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, முன் சில்லுக்கு ஒரு செங்கல்லை வைத்துவிட்டு, பின் பக்கம் இரண்டையும் இரண்டு ஜெக்கில் தூக்கினோம். இங்கேதான் மடத்தனம். ஹேண்ட் பிரேக் பிடிப்பது பின் சில்லுகளை. அந்த இரண்டையும் அந்தரத்தில் தூக்கிவிட்டால் ஹேண்ட் பிரேக் இருந்தும் இல்லாதது மாதிரி. கியரும் நியூட்ரலில். செங்கல் பொடிந்து, கார் முன்னுக்கு ஒரு சாண் நகர்ந்தது. ஒரு ஜெக் சாய்ந்தது, கார் சரிந்து இறங்கியது.

யாரும் அடியில் இல்லை. ஆனால் அதற்குச் சற்று முன்புதான் என் மகன், உருண்டு போன ஸ்பெனரை எடுக்கப் பாதி உடம்பைக் காருக்கடியில் விட்டிருந்தான். பதினொரு வயது. மச்சினன் வாயடைத்துப் போய் நின்றார். மகனுடைய உம்மா குசினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தா. ஏசியிருந்தால் பரவாயில்லை. ஒன்றுமே சொல்லாமல் மகனைக் கையில் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போயிட்டா.

அன்றைக்கு வேலை நின்றது.

அடுத்த நாள் நம்ம கராஜ் தம்பியிடம் போனேன். என்னிடம் படித்த பிள்ளைதான். விஞ்ஞானத்தில் எத்தனை எடுத்தான் என்று இங்கே சொல்ல மாட்டேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சிரிக்கவில்லை. "பின் பக்கத்த நீங்களே செய்யலாம் சேர், நம்ம ஸ்டாண்ட் ரெண்டு தாரேன். முன்பக்கம் மட்டும் கை வைக்காதீங்க" என்றான்.

ஏன் என்று எனக்கும் தெரியும், ஆனால் வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்த பிறகுதான் உறைத்தது. முன்னால் ஷொக்கும் ஸ்பிரிங்கும் ஒன்றுக்குள் ஒன்று. ஷொக்கை மாற்ற வேண்டுமானால் ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடித்துக்கொண்டு மேல் நட்டைக் கழற்ற வேண்டும். ஒரு மில்லிமீற்றர் அமுக்க இரண்டு கிலோ பாரம் தேவை என்று வைத்துக்கொள்வோம். பத்து சென்ரிமீற்றர் அமுக்கினால் இருநூறு கிலோ. அது விடுபட்டால் வருகிற சக்தி, பத்துக் கிலோ அரிசி மூட்டையை ஒரு மீற்றர் உயரத்திலிருந்து முகத்தில் போடுவதற்குச் சமம். அரிசி மூட்டை மெத்து, இது இரும்பு. மச்சினன் இரவல் வாங்கி வைத்திருந்த ஸ்பிரிங் அமுக்கியை எடுத்துப் பார்த்தேன். இரண்டு கொக்கி, இரண்டு நீள போல்ட். ஒன்றின் புரி தேய்ந்து மினுங்கியது. பேசாமல் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன்.

பின் பக்கத்தைச் சனிக்கிழமை நாங்களே செய்தோம். தெரிந்தவர் ஒருவரின் சீமெந்துக் களத்தில், சமதரையில். முதல் நாள் இரவே போல்டுகளுக்கு எண்ணெய் விட்டு ஊற வைத்தோம். முன் சில்லு இரண்டுக்கும் முன்னும் பின்னும் மரக்கட்டை, கியர் ஒன்றில், பாடி ஸ்டாண்டில், அச்சுக்கு அடியில் ஜெக். அச்சைத் தாங்காமல் ஷொக்கைக் கழற்றினால் அச்சு தொங்கி ஸ்பிரிங் வெளியே வந்துவிடும். ஒரு பக்கம் முடித்த பிறகுதான் மறுபக்கம். கீழ்ப் போல்டை அந்தரத்தில் இறுக்கவில்லை. காரை இறக்கிப் பாரம் வந்த பிறகுதான் இறுக்கினோம், இல்லாவிட்டால் ரப்பர் புஷ் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியும். இதுவும் தம்பி சொல்லித் தந்ததுதான். மகன் பத்தடி தள்ளி ஒரு கதிரையில். கேட்டதை எறிய வேண்டும், கிட்ட வரக் கூடாது என்பது உம்மாவின் கட்டளை.

முன் பக்கம் கராஜில். தம்பி அதைக் கழற்றி, சுவரில் பூட்டிய பெரிய அமுக்கியில் வைத்து, ஸ்பிரிங்கை எடுத்து, கூப்பிட்டுக் காட்டினான். ஷொக் கசிந்தது உண்மை. ஆனால் அந்த 'டக், டக்' ஷொக் இல்லை. மேல் மவுண்ட் ரப்பர் வெடித்துப் பிரிந்திருந்தது. பழைய மவுண்டோடு நாங்கள் புது ஷொக்கைப் போட்டிருந்தால் சத்தம் அப்படியே இருந்திருக்கும், நானும் கடைக்காரனை ஏசியிருப்பேன்.

ஸ்பேசர் பற்றியும் கேட்டேன். "போடலாம் சேர். ஆனா முன் சில்லுக்குப் போற எக்சல் சரிஞ்சு நிக்கும், ஜொயின்ட் சீக்கிரம் போகும். வளைவுல கார் கூடச் சாயும். ஆக்கள ஏத்திட்டு ராவுல ஓடுற கார் இது. வேணாம்" என்றான். லயத்துப் பிள்ளையைக் கொண்டுபோன கதை அவனுக்கும் தெரிந்திருக்கிறது. மச்சினனுக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

கூலி வாங்க மாட்டேன் என்று நின்றான். கட்டாயப்படுத்திக் கொடுத்தேன். பிறகு பண்டாரவளையில் சில்லு அலைன்மென்ட் பார்த்தேன். முன் பக்கத்தைக் கழற்றிப் பூட்டினால் அது கட்டாயம், இல்லாவிட்டால் புது டயரையும் ஒரு பக்கமாகத் தின்றுவிடும்.

நேற்று அந்தக் குழந்தையைப் பார்க்கப் போனேன். தோட்டத்து ரோட்டில் கண்ணாடியை இறக்கிவிட்டுத்தான் ஓட்டினேன். குழி குழிதான், ஆனால் ஒரு தரம் இறங்கி ஒரு தரம் ஏறியது, அத்தோடு அடங்கியது. சத்தம் இல்லை. குழந்தைக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. தாத்தாவும் பாட்டியும் சண்டை.

நாளையிலிருந்து காரில்தான் வருவேன். வெளிநாடு போகவில்லை. தம்பியின் ஸ்டாண்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எனக்கென்று இரண்டு வாங்கி வைத்திருக்கிறேன், எங்கள் வாசல் திண்ணையில் இருக்கிறது. தேவையானவர்கள் வந்து எடுத்துப் போகலாம், கேட்கக்கூட வேண்டாம். செங்கல் மட்டும் கேட்காதீர்கள்.