ஒளியைப் பேணுதல்

சேலத்திலிருந்து ஏற்காடு செல்லும் சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவு வளைவு இன்றும் நிற்கிறது. தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ 1956-இல் அந்நிறுவனம் அளித்ததே. அவ்வளைவைக் கடந்து நாம் கொட்டச்சேட்டை அடைந்தபோது பொழுது புலர்ந்துகொண்டிருந்தது. குறும்படம் எடுக்க விழைந்த தமையனார் மகன் டிஜிட்டல் கேமராவுடன் வந்திருந்தான். எம் தோளில் அத்தா விட்டுச்சென்ற படச்சுருள் கேமரா.

காப்பித் தோட்டத்துச் சில்வர் ஓக் மரங்களினூடே பனிமூட்டத்தைப் பிளந்து கதிரொளி இறங்கிற்று. இருவரும் அதனையே படமாக்கினோம். அவன் படத்தில் இலை நரம்பும் தெளிவு. கதிர் விழுந்த இடமோ வெறும் வெண்மை. சில நாள் கழித்துக் கழுவிவந்த எம் படத்தைக் கண்டவன், “சாச்சா, இதில் பனி அடுக்கடுக்காக நிற்கிறதே!” என வியந்தான். ஆனால், அந்தி நிழலில் எம் சுருள் இருளையே கண்டது. அவன் கேமரா முகங்களைக் கண்டது.

காரணம் எளிது. படச்சுருளில் வெள்ளி உப்பின் நுண்துகள்கள் ஒழுங்கின்றிச் சிதறியுள்ளன. ஒளி மிகுந்தாலும் அவை மெல்லமெல்லவே நிறைவுறும். டிஜிட்டலிலோ ஒளிக்கலங்கள் வரிசையாக அமைந்துள்ளன. உயர்தெளிவுப் படச்சட்டமொன்றில் 1920-க்கு 1080 புள்ளிகள். கலம் நிரம்பியபின் எவ்வளவு ஒளி வீழினும் வெண்மையே. பி. சி. ஸ்ரீராம் 2004-இல் ‘வானம் வசப்படும்’ படத்தை டிஜிட்டலில் எடுத்த காலத்துக் குறைகள், இன்றைய உயர்தரக் கேமராக்களில் பெரிதும் நீங்கிவிட்டன.

அங்ஙனமாயின் வழக்கு முடிந்ததா? எமக்கு முடியவில்லை. அத்தாவின் இறுதி ஆண்டுகளில் எடுத்த டிஜிட்டல் காட்சிகள் அனைத்தையும் ஒரே வன்தட்டில் வைத்திருந்தோம். அது பழுதுற்றது, அவர்தம் நடையும் குரலும் மறைந்தன. எஞ்சியது, இளமையில் அவர் இதே கொட்டச்சேட்டில் நின்ற ஒரு நெகட்டிவ். அவ்விடத்தைத் தேடியே மலையேறினோம்.

குற்றம் கருவியினதன்று, படியெடுத்து வைக்காத எம் சோம்பலினது. படச்சுருளும் பேணாவிடில் அழியும்: 1931-இல் வெளிவந்த முதல் தமிழ்ப் பேசும்படமான ‘காளிதாஸ்’ இன்று காணக் கிடைக்கவில்லை.

தெளிவு கருவி தருவது. நிலைபேறு கை தருவது. மாணவச் செல்வங்களே, இன்றிரவே உங்கள் பெற்றோரின் காட்சிகளை இன்னுமோர் இடத்தில் படியெடுத்து வையுங்கள். அந்த நெகட்டிவுக்கு எம் தமையனார் மகன் இப்போது மூன்று டிஜிட்டல் படிகள் எடுத்து வைத்துள்ளான்.